உலகக் கோப்பையை நடத்தக் கேட்கும் நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் உரிமை கேட்டு ஒரு நாடு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் கொடுக்கும் விண்ணப்பத்தில் வண்ணப்படங்கள் நிறைய இருக்கும். ஆனால் அதன் உயிர் இருப்பது உடன் இணைக்கப்படும் உத்தரவாதங்களில்தான். வரும் அணிகளுக்கு விசா கொடுப்போம், ஃபிஃபாவுக்கு வரிவிலக்கு தருவோம், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்போம், மைதானங்களைக் குறித்த நாளில் ஒப்படைப்போம் என்று அரசாங்கமும் நகர நிர்வாகங்களும் அவற்றில் கையெழுத்திடுகின்றன. போட்டி தொடங்க இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். அதற்குள் கையெழுத்திட்டவர்களில் பலர் பதவியை விட்டுப் போயிருப்பார்கள். பணத்தைக் கட்டப்போவது அந்த ஊர் மக்கள். விண்ணப்பத்தில் நேரும் தவறுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

தலைநகரம் ஒப்புக்கொண்டால் நாடே ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைப்பது முதல் தவறு. 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை 2019இல் இந்தோனேசியாவுக்குக் கிடைத்தது. கொரோனாவால் போட்டி 2023க்குத் தள்ளிப்போனது. இடையில் இஸ்ரேல் அணி தகுதி பெற்றுவிட்டது. இந்தோனேசியாவுக்கு இஸ்ரேலுடன் தூதரக உறவு கிடையாது. பாலஸ்தீன ஆதரவு அங்கே ஆழமாக வேரூன்றியது. ஆட்டங்கள் நடக்கவிருந்த பாலி, மத்திய ஜாவா ஆகிய மாகாணங்களின் ஆளுநர்கள் இஸ்ரேல் அணி வரக் கூடாது என்றார்கள். எந்த அணி யாரோடு மோதும் என்பதை முடிவுசெய்ய பாலியில் நடக்கவிருந்த குலுக்கல் ரத்தானது. 2023 மார்ச் 29 அன்று ஃபிஃபா உரிமையையே பறித்தது. போட்டி அர்ஜென்டினாவுக்குப் போனது. ஆளுநர்களின் நிலைப்பாடு சரியா என்பது தனி விவாதம். எந்த அணி தகுதி பெற்றாலும் வரவேற்போம் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்பே அந்த விவாதத்தை நடத்தி முடித்திருக்க வேண்டும். போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம் பெற்றிருந்த இந்தோனேசிய இளைஞர்கள் அந்த இடத்தை இழந்தார்கள். 20 வயதைக் கடந்தவனுக்கு அந்த வாய்ப்பு மறுபடி வராது.

இந்தியாவும் இப்படியொரு நிலைக்கு மிக அருகில் போய்த் திரும்பியது. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2022 அக்டோபரில் இங்கே நடக்க வேண்டும். ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. சம்மேளனத் தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. நிர்வாகத்தைக் கவனிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. அதை வெளியார் தலையீடு என்றது ஃபிஃபா. குழு கலைக்கப்பட்டு, மாத இறுதிக்குள் தடை நீங்கியது, போட்டியும் நடந்தது. பெரிய போட்டி கேட்பதற்கு முன் சம்மேளனத்தின் தேர்தலையும் சட்டதிட்டங்களையும் ஒழுங்குபடுத்திக்கொள்வது அவ்வளவு அவசியம்.

மைதானங்களின் எண்ணிக்கையை அரசியல் கணக்கில் முடிவு செய்வது இன்னொரு தவறு. இதில் பிரேசிலைவிடப் பெரிய பாடம் இல்லை. 2014 உலகக் கோப்பைக்கு 8 முதல் 10 மைதானங்கள் போதும் என்ற நிலையில் பிரேசில் 12 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. எல்லாப் பகுதிகளையும் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. அமேசான் காட்டின் நடுவில் இருக்கும் மனாஸ் நகரில் 40,000 பேருக்கு மேல் அமரும் மைதானம் எழுந்தது. அதற்கான எஃகு போர்ச்சுகலில் இருந்து கடல் கடந்து, ஆற்று வழியாக வந்தது. கட்டுமானத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் 4. அப்போது பிரேசில் லீக்கின் முதல் இரண்டு பிரிவுகளில் மனாஸ் அணி ஒன்றுகூட இல்லை. கோப்பை முடிந்தபின் அந்த இருக்கைகளை யார் நிரப்புவார்கள் என்பது கட்டத் தொடங்கும்போதே தெரிந்த விஷயம். பிரேசிலியா நகரில் கோடிகளைக் கொட்டிக் கட்டிய மைதானத்தின் வளாகம் அடுத்த ஆண்டே பஸ்கள் நிறுத்தும் இடமானது. 2013 ஜூனில் பஸ் கட்டண உயர்வுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய மக்கள், ஃபிஃபா தரத்தில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் வேண்டும் என்று அட்டைகளில் எழுதிப் பிடித்தார்கள். கால்பந்தை உயிராக நினைக்கும் ஒரு நாட்டில் அந்த வாசகத்தைப் படித்தது எனக்கு மிகவும் வலித்தது.

இல்லாத மைதானத்தை இருப்பதாகக் கணக்குக் காட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். 2028 ஐரோப்பியக் கோப்பைக்குப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து விண்ணப்பித்தபோது, பெல்ஃபாஸ்ட் நகரின் கேஸ்மென்ட் பார்க் மைதானமும் பட்டியலில் இருந்தது. 2013 முதல் பூட்டிக் கிடந்த இடம் அது. 2023 அக்டோபரில் உரிமை கிடைத்தது. செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போக, 2024 செப்டம்பரில் பிரிட்டன் அரசு பணம் தர மறுத்தது. வட அயர்லாந்தில் ஓர் ஆட்டம்கூட நடக்காது என்றாகிவிட்டது. முகூர்த்தம் குறித்துவிட்டு மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டினால் வேறென்ன ஆகும்?

நகரங்கள் கேள்வி கேட்பதைத் தேசத்துரோகமாகப் பார்க்கவும் கூடாது. 2026 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கூட்டாக விண்ணப்பித்தபோது சிகாகோ, மினியாபொலிஸ், வான்கூவர் நகரங்கள் 2018 மார்ச்சில் விலகின. செலவுக்கு உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்பதே அவற்றின் முக்கியக் காரணம். வான்கூவர் மட்டும் 2022இல் திரும்பி வந்தது. அப்போது 24 முதல் 26 கோடி கனடா டாலர் என்று சொல்லப்பட்ட செலவு, ஆட்டங்களும் கூடிய நிலையில், 2024இல் 48 கோடியைத் தாண்டியது. நகராட்சியின் நிதி அதிகாரிக்கு விண்ணப்பக் குழுவில் இடம் கொடுங்கள். அவர் சொல்வது கசந்தாலும் கேளுங்கள்.

வாக்குகளைப் பொறுத்தவரை, புன்னகையை வாக்காக எண்ணுவதுதான் பழைய தவறு. 2010 டிசம்பரில் சூரிக் நகரில் 2018 கோப்பைக்காக இங்கிலாந்து, பிரதமர் கேமரூன், இளவரசர் வில்லியம், கால்பந்து வீரர் பெக்கம் மூவரையும் இறக்கியது. கிடைத்தவை 2 வாக்குகள், அதில் ஒன்று அவர்களுடையதே. 2022 கோப்பைக்காக 4 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணத்தைச் செலவிட்ட ஆஸ்திரேலியாவுக்கு 1 வாக்கு. இப்போது உறுப்பு நாடுகள் எல்லாம் வெளிப்படையாக வாக்களிக்கின்றன. அப்படியும் 2026 கோப்பைக்காக 2018இல் நடந்த வாக்கெடுப்பில் மொராக்கோ, அமெரிக்கா-கனடா-மெக்சிகோ கூட்டணியிடம் 134-65 என்று தோற்றபோது, சக அரபு நாடான சவூதி அரேபியாவும் சக ஆப்பிரிக்க நாடான தென்னாப்பிரிக்காவும் எதிரணிக்கே வாக்களித்தன.

மொராக்கோவின் அந்த விண்ணப்பத்துக்கு மதிப்பீட்டுக் குழு தந்தது 5க்கு 2.7 மதிப்பெண். 14 மைதானங்களில் 9ஐப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஐந்து முறை தோற்ற அந்த நாடு பிறகு வழியை மாற்றியது. மைதானங்களையும் ரயில் பாதையையும் மேம்படுத்தியது, ஆப்பிரிக்கக் கோப்பையை நடத்தும் உரிமையைப் பெற்றது, ஸ்பெயின், போர்ச்சுகலுடன் கைகோத்து 2030 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையையும் வென்றெடுத்தது. ஆனால் அகாதிர் நகர மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்த பெண்கள் அடுத்தடுத்து இறந்தபின், 2025 செப்டம்பரில், மைதானங்கள் இருக்கின்றன, மருத்துவமனைகள் எங்கே என்று இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள். அதற்கடுத்த மாதம் மருத்துவத்துக்கும் கல்விக்கும் 14,000 கோடி திர்ஹாம் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. விண்ணப்பம் எழுதிய நாளிலேயே மைதானச் செலவுக்குப் பக்கத்தில் இந்தத் தொகையையும் எழுதியிருக்க முடியும்.