பேண்டன் டியூன்ஸ் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பசிபிக் கடலோரத்து மணல்மேடுகளின் மேல் இருக்கிறது பேண்டன் டியூன்ஸ் என்ற கோல்ஃப் ரிசார்ட். 18 ஹோல் கொண்ட மைதானங்கள் அங்கே ஐந்து: பேண்டன் டியூன்ஸ் (1999), பசிபிக் டியூன்ஸ் (2001), பேண்டன் ட்ரெய்ல்ஸ் (2005), ஓல்ட் மெக்டொனால்ட் (2010), ஷீப் ராஞ்ச் (2020). ஒரே கரை, ஒரே காற்று என்பதால் ஐந்தையும் ஒரே ஆட்டத்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

முதல் தவறு டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், பதிவு செய்யும்போதே நடந்துவிடுகிறது. இங்கே வண்டி கிடையாது. மருத்துவக் காரணம் இருந்தாலொழிய எல்லோரும் நடந்தே ஆட வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 கிலோமீட்டர். ஒரு நாளில் 36 ஹோல் என்றால் 20 கிலோமீட்டர், அதுவும் மணல்மேட்டில் ஏறி இறங்கி. மூன்று நாளும் 36 ஆடுவோம் என்று திட்டம் போடும் குழு, மூன்றாம் நாள் பிற்பகலில் கால் ஓய்ந்து, பந்தைச் சரியாகத் தொடக்கூட முடியாமல் நிற்கும். ஐந்திலும் நடக்கக் கடினமானது ட்ரெய்ல்ஸ். மேட்டில் தொடங்கி, புல்வெளி வழியாகக் காட்டுக்குள் புகுந்து, மறுபடி மேட்டுக்குத் திரும்பும் பாதை அது. 36 ஆடும் நாளில் அதைப் பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ட்ரெய்ல்ஸில் மரங்கள் காற்றைத் தடுக்கும். கோடையில் பிற்பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். அந்த நேரத்தில் ஓரளவு நிம்மதியாக ஆட இடம் கொடுப்பது இது மட்டும்தான். அதனால் ஒரே ஒரு சுற்று ஆடும் நாளாகப் பார்த்து, அன்று பிற்பகலில் ட்ரெய்ல்ஸ் வைத்துக்கொள்வது நல்லது. ஒதுங்க இடமே இல்லாத ஷீப் ராஞ்சைக் காலையில் முடித்துவிட வேண்டும். கடலை ஒட்டி இல்லை என்பதற்காக ட்ரெய்ல்ஸையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரிய இழப்பு. பில் கூரும் பென் கிரென்ஷாவும் வடிவமைத்த அந்த மைதானத்தில் கடல் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது.

டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்போது பகல் சுமார் 9 மணி நேரம்தான் இருக்கும். இரண்டு முழுச் சுற்றுக்கு அது போதாது.

அடுத்தது காற்று. கோடையில் பெரும்பாலும் வடக்கிலிருந்தும், குளிர்காலப் புயல்களின்போது தெற்கிலிருந்தும் வீசும். பசிபிக் டியூன்ஸில் 4-ஆம் ஹோலும் 13-ஆம் ஹோலும் கடலை ஒட்டிய பார்-4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியவை. பின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் மிகத் தொலைவான இடம்) இரண்டுமே 440 யார்டுக்கு மேல். 4 தெற்கு நோக்கிப் போகிறது, 13 வடக்கு நோக்கி. ஜூலையில் 4-இல் காற்று முதுகைத் தள்ளும். 13-இல் முகத்தில் அறையும். ஸ்கோர்கார்டில் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும் இரண்டு தூரங்களைப் பார்த்து ஒரே கிளப்பை (மட்டையை) எடுத்தால் 13-இல் பந்து கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, வெகு முன்பே விழுந்துவிடும். குளிர்காலத்தில் கதை அப்படியே தலைகீழ்.

கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு. எதிர்க்காற்றில் மணிக்கு ஒரு மைலுக்கு 1 சதவீதம் தூரத்தைக் கூட்டுங்கள். பின்காற்றில் அரை சதவீதம் கழியுங்கள். 150 யார்டு ஷாட்டுக்கு 20 மைல் எதிர்க்காற்று என்றால் 180 யார்டுக்கான கிளப். அதே வேகப் பின்காற்றில் 135. காற்று கொடுப்பதை விடப் பிடுங்கிக்கொள்வதே அதிகம் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

கிளப்பைச் சரியாக எடுத்துவிட்டு, பிறகு ஓங்கி அடிப்பதும் வழக்கமான தவறுதான். வேகமாக அடித்தால் பின்சுழற்சி கூடும். எதிர்க்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கிக்கொண்டு போய் அப்படியே கீழே போட்டுவிடும். வழக்கத்தை விட ஒன்றோ இரண்டோ படி அதிக தூரம் போகும் கிளப் எடுத்து, பிடியை ஓர் அங்குலம் கீழிறக்கி, பந்தை நிலைப்பாட்டில் சற்றுப் பின்னால் வைத்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். முடிவில் கை மார்பு உயரத்தோடு நின்றால் போதும்.

புல்லும் பழக்கத்தை மாற்றச் சொல்லும். ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல், அடியில் மணல், தரை இறுக்கம். மென்மையான புல்தரையில் ஆடிப் பழகியவர்கள் கிரீனுக்கு 20 யார்டு வெளியே நின்று பந்தை உயரத் தூக்கும் 60 டிகிரி வெட்ஜ் கிளப்பை எடுப்பார்கள். பவுன்ஸ் (அடிப்பாகத்தின் புடைப்பு) அதிகமுள்ள வெட்ஜின் அடிப்பாகம் இறுகிய தரையில் பட்டு எம்பும். விளிம்பு பந்தின் நடுவில் மோதும். பந்து கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். இடையில் பள்ளமோ உயரப் புல்லோ இல்லையென்றால், பந்தை உருட்டும் கிளப்பான பட்டரையே எடுங்கள். 30 யார்டிலிருந்தும் எடுக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். கொடிக்கு நேராகப் பறக்கவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். கிரீனுக்கு முன்னால் இறக்கி உருள விடுவதுதான் இங்கே பாதுகாப்பு.

இது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் ஓல்ட் மெக்டொனால்ட். டாம் டோக்கும் ஜிம் அர்பினாவும், அந்தக் காலத்து வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டின் பழைய ஹோல் வடிவங்களை வைத்து உருவாக்கியது. ஃபேர்வே, அதாவது கிரீன்வரை வெட்டிவிட்ட புல்பாதை, அகலமாக இருப்பதைப் பார்த்து எங்கே அடித்தாலும் சரி என்று பலர் அடிப்பார்கள். பந்து தொலையாதுதான். ஆனால் தவறான பக்கத்திலிருந்து வரும் இரண்டாவது ஷாட்டுக்குக் கிரீன் கைகொடுக்காது. கிரீன்கள் பிரம்மாண்டமானவை, முன் விளிம்புக்கும் பின்பக்கக் கொடிக்கும் இடையில் மூன்று கிளப் வித்தியாசம் வரலாம். ‘கிரீனில் விழுந்தால் போதும்’ என்று அடித்தால் 30 யார்டு பட் (பட்டரால் உருட்டும் அடி) காத்திருக்கும், மூன்று பட் உறுதி. 8-ஆவது ஹோல், பியாரிட்ஸ் வகை: கிரீனின் குறுக்கே ஆழமான பள்ளம் ஓடும். கொடி பள்ளத்துக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கிளப்பைத் தொடாதீர்கள். 12-ஆவது ஹோல், ரெடான் வகை. அங்கே கொடியைக் குறிவைப்பதே தவறு. வலது முன்பக்கம் இறக்கினால் சரிவு பந்தை இடது பின்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஷீப் ராஞ்சில் மணல் பங்கர் (மணல் குழி) ஒன்றுகூட இல்லை. அதைக் கேட்டவுடன் சுலபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பங்கர் இருக்க வேண்டிய இடங்களில் புல் மூடிய குழிகள் இருக்கின்றன; அவற்றில் பந்து சரிவில் நிற்கும், நிலைப்பாடு கோணலாகும். 3-ஆம் ஹோலும் 16-ஆம் ஹோலும் ஒரே கிரீனைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தக் கொடி உங்களுடையது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

விதிகளில் இரண்டு இடங்களில் தேவையில்லாமல் அடி போகிறது. கோர்ஸ் என்ற முட்புதர் இந்தக் கரையெங்கும் உண்டு. பந்து அதற்குள் போனால் மீட்க ஆசைப்படாதீர்கள், ஆடையும் தோலும் கிழியும். புதரை நோக்கிப் போனதைப் பார்த்தவுடனே, தேடப் போவதற்கு முன், ‘புரொவிஷனல் ஆடுகிறேன்’ (முதல் பந்து கிடைக்காவிட்டால் பயன்படும் தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடிக்க வேண்டும். தேடும் நேரம் மூன்றே நிமிடம். முட்புதருக்குள் பந்து இருப்பது தெரிந்து, அது உங்களுடையதுதான் என்று அடையாளமும் கண்டால், ஒரு அடி தண்டனையோடு அங்கிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலை நெருங்காமல் போட்டு ஆடலாம். கண்டுபிடிக்காவிட்டால் அந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது, கிரீனில் காற்று நகர்த்திய பந்து. குறியிட்டு எடுத்துத் திரும்ப வைத்த பிறகு நகர்ந்தால், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இன்னும் எடுக்கவே இல்லையென்றால், அது போய் நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். இரண்டிலும் தண்டனை கிடையாது. அதனால் பலத்த காற்றில் பந்து கிரீனில் நின்றவுடன் போய்க் குறியிட்டு, எடுத்து, வைத்துவிடுங்கள். பட் அடிக்கும்போது கால்களை வழக்கத்தை விட அகட்டி வையுங்கள். உடம்பு ஆடினால் பட்டர் முகம் திரும்பிவிடும்.

உடை விஷயத்தில் ‘கோடைதானே’ என்று நம்பி மெல்லிய சட்டையோடு வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்டிலும் பகல் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழேதான் சுற்றும், காற்று வேறு. அடுக்கடுக்காக அணிய மூன்று உடுப்பு, காற்றுத் தடுப்பு மேலுறை, இரண்டு ஜோடி ஷூ, மழைக் கையுறை இவை எந்த மாதத்திலும் வேண்டும். புதிய ஷூவை முதன்முதலாக இங்கே போட்டுக்கொண்டு நடப்பதைப் போல வம்பு வேறில்லை.

பையைத் தூக்கி வழிகாட்டும் கேடி வைத்துக்கொண்டால் ரொக்கமாகக் கொடுக்கத் தயாராக, கையில் எடுத்துச் செல்லுங்கள். கிரீனின் சரிவை அவர் சொல்லும்போது நம்புங்கள். கடல் பக்கம்தான் சரியும் என்று தோன்றும் பல பட்கள் எதிர்ப்பக்கம் திரும்பும்.

கடைசியாக, சிறிய மைதானங்களை உதிரி என்று ஒதுக்காதீர்கள். 13 ஹோல் ப்ரிசர்வ், 19 ஹோல் ஷார்ட்டிஸ் இரண்டும் முழுக்கப் பார்-3. முழுப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே பாரம்தான் மிச்சம். ஒரு 8 அயர்ன், இரண்டு வெட்ஜ், ஒரு பட்டர் போதும். வந்து இறங்கிய நாளிலேயே இதில் ஒன்றை ஆடிவிட்டால், இறுகிய தரையில் பந்து எவ்வளவு உருளும் என்பது மறுநாள் காலைக்குள் கைக்குப் பிடிபட்டுவிடும்.