படிப்பகத்துக்கு 100 புத்தகங்கள்: உடல்நலம், சமூகம், சுயமுன்னேற்றம்

தெருவில் ஒரு படிப்பகம் தொடங்கினால், கதைப் புத்தகங்களுக்கு அடுத்தபடியாக ஆட்கள் கேட்பது இந்த மூன்று வகையைத்தான். மூன்றையும் ஒரே தராசில் நிறுத்து வாங்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. சமூகப் புத்தகம் பழசானாலும் பெரும்பாலும் கெடாது. மருத்துவப் புத்தகம் பழசானால் ஆளையே கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தேர்வு முறை வேறு, அலமாரியில் வைத்திருக்கும் காலமும் வேறு.

100 புத்தகம் என்றால் உடல்நலம் 35, சமூகம் 45, சுயமுன்னேற்றம் 20 என்று பிரித்துக்கொள்ளலாம். நன்கொடை மூட்டைகளில் சுயமுன்னேற்றப் புத்தகம் தானாகவே வந்து சேரும் என்பதால் அதற்குக் காசு குறைவாக ஒதுக்கினால் போதும்.

உடல்நலம்: நான்கு பக்கங்களில் தெரிந்துவிடும்

முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். 'பன்னிரண்டாம் பதிப்பு 2023' என்று இருந்தால் மயங்கிவிட வேண்டாம். 1994இல் எழுதியதையே பன்னிரண்டு முறை அச்சடித்திருக்கலாம். 'திருத்திய பதிப்பு' என்ற சொல் இருக்கிறதா, முன்னுரையில் என்ன திருத்தினார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா என்பதே கேள்வி. அதன்பிறகு நான்கு இடங்களைப் புரட்டுங்கள்.

நாய்க்கடி. 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று இருந்தால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். அந்தப் பழைய தடுப்பூசி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான், நான்கைந்து தவணைகளாகப் போடுகிறார்கள். அந்தப் பழைய வரியைப் படித்துப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் ஒருவர் இருந்துவிட்டால், வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழி கிடையாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு. வீட்டில் தயாரிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதைவிடக் கூடினால் கைக்குழந்தைக்குத் தீங்கு. 'ஒரு சிட்டிகை', 'கொஞ்சம்' என்று அளவில்லாமல் எழுதியிருக்கும் புத்தகமும் வேண்டாம். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் புத்தகம் வேண்டவே வேண்டாம்.

பாம்புக்கடி. கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் தவறு. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே சரி. படம் போட்ட புத்தகமாக இருந்தால் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது, மாரடைப்பில் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி. முதலில் மூச்சுவழியைத் திறப்பது, அடுத்து வாய்வழி மூச்சு, கடைசியில்தான் அழுத்தம் என்று சொன்னால் அது 2010க்கு முந்தைய வரிசை. பெரியவர்களுக்கு இன்று அழுத்தம்தான் முதலில்: நெஞ்சு 5 செ.மீ. தாழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்ற பக்கங்களையும் ஓரளவு நம்பலாம். ஒன்று தவறினாலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்ப மனம் வரக் கூடாது.

சித்த மருத்துவம், மூலிகை நூல்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு, மஞ்சள் பூ பூப்பதும் உண்டு. இரண்டும் வேறு வேறு செடிகள். தாவரவியல் பெயரும் தெளிவான படமும் இல்லாத மூலிகை நூல் படிப்பகத்துக்கு ஆகாது. அளவு, பத்தியம், யார் சாப்பிடக் கூடாது என்பவையும் இருக்க வேண்டும். 'சர்க்கரை நோயை 30 நாளில் வேரோடு அறுக்கலாம்' என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே திறக்கவே வேண்டாம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்க 1954இலேயே சட்டம் வந்துவிட்டது.

சமூகம்: புள்ளிவிவரத்துக்கு ஆண்டு இருக்கிறதா?

சாதி, நிலம், பெண்கள், தொழிலாளர், இடம்பெயர்வு என எதை எடுத்தாலும் மூன்று மூன்றாக வாங்குங்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் எழுதியது ஒன்று, வரலாறாக எழுதியது ஒன்று, கணக்கும் சட்டமும் சொல்வது ஒன்று. ஒன்றை மட்டும் படிப்பவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பார்.

எண்கள் வரும் இடத்தில் ஆண்டும் எடுத்த இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2011க்குப் பிறகு 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. ஆகவே 'அண்மைக் கணக்கெடுப்பின்படி' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதை நம்பி யாரும் கட்டுரை எழுத முடியாது.

சட்ட வழிகாட்டிகள் மட்டும் மருத்துவப் புத்தகத்தைப் போலவே பழசாகும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்றும் மோசடிக்கு 420 என்றும் சொல்லும் கையேடு, நடைமுறையில் இல்லாத எண்ணைச் சொல்கிறது. இப்போது அவை 103, 318. நுகர்வோர் சட்டம் என்றால் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்க வேண்டும், 1986 அல்ல.

நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. விலை குறைந்ததை அப்படியே எடுத்துவிடாமல், எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டார்கள் என்று பதிப்புரையில் சொல்லியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சொல்லாமல் வெட்டிச் சுருக்கியவை நிறைய உலவுகின்றன. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் மூலநூல் வெளிவந்த ஆண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சுயமுன்னேற்றம்

இந்த வகையில் இரண்டு பொய்கள் வழிவழியாக வருகின்றன. மனிதன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்பது ஒன்று. அதற்கு ஆதாரம் இல்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பது மற்றொன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 22ஆம் நாள் தோற்றுப்போனதாக நினைத்து விட்டுவிடுகிற பிள்ளைகளை நினைத்தால், இந்த ஒரு வரியே எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று புரியும்.

வாங்கும்முன் பொருளடக்கத்தில் பயிற்சி இருக்கிறதா என்று தேடுங்கள். 'நம்பிக்கையோடு இரு' என்பது பயிற்சி ஆகாது. 'இன்றைய செலவை எழுது, வாரக் கடைசியில் கூட்டிப் பார்' என்பதுதான் பயிற்சி. இவற்றுக்கு இரவல் காலம் 14 நாள் போதாது, 30 நாள் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தி மனத்தால் வெல்லச் சொல்லும் புத்தகத்தைச் சேர்க்க வேண்டாம். மன அழுத்தம் பற்றிய ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கும்போதும் அடுக்கும்போதும்

புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதம் கழிவு உண்டு. மொத்தமாக எடுத்தால் பதிப்பகத்தாரிடமே கேட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கும்முன் பாரம் சரிபார்க்க வேண்டும். ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டுக்குத்தான் பாரம் என்று பெயர், பொதுவாக 16 பக்கம். 16-17, 32-33, 48-49 என்று பக்க எண்கள் ஓடுகின்றனவா என்று புரட்டினால், பாரம் மாறிக் கோத்ததும் விடுபட்டதும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு நடுவில் விரித்துப் பாருங்கள். பசை மட்டும் போட்டு ஒட்டிய முதுகு பத்துப் பேர் கை மாறுவதற்குள் பிளந்துவிடும். தையல் போட்டது கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

200 பக்கப் புத்தகம் ஏறக்குறைய 1.5 செ.மீ. தடிமன். 90 செ.மீ. பலகையில் 60 நிற்கும். ஆனால் 45க்கு மேல் வைக்க வேண்டாம். நெருக்கி அடுக்கினால் தலைப்பகுதியைப் பிடித்து இழுத்து முதுகைக் கிழித்துவிடுவார்கள். ஆக 100 புத்தகத்துக்கு மூன்று பலகை. அலமாரிக்கும் சுவருக்கும் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறுவது சுவர் வழியாகத்தான்.

பதிவேட்டில் ஏற்றிய எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறமும், எல்லாப் புத்தகத்திலும் ஒரே உள்பக்கத்திலும், 25ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுதுங்கள். முதல் பக்கம் கிழிந்தாலும் அடையாளம் மிஞ்சும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு ஆண்டில் மஞ்சளாகி, உரிந்து, பசைக் கறை மட்டும் நிற்கும். மெல்லிய தாளை மைதாப் பசையால் ஒட்டுவதே நல்லது. ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைப்பவர்கள் நிழலில் நன்றாகக் காயவைத்து வைக்க வேண்டும். பச்சை இலை ஈரத்தைக் கொடுத்துப் பூஞ்சையைத்தான் வளர்க்கும். துணியில் முடிந்த வசம்புத் துண்டு வைப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, உடல்நலப் பலகையிலும் சட்டக் கையேடுகளிலும் மட்டும் மேலே சொன்ன சோதனைகளை மறுபடி செய்யுங்கள். தேறாதவற்றில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, பதிவேட்டில் தேதி போட்டு, அட்டையைக் கிழித்துப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். இன்னொரு படிப்பகத்துக்கு நன்கொடையாக அனுப்பாதீர்கள்.