சாரல் அடங்கினதும் ஒரு கீரைப் பாத்தி

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கீரை போட நினைப்பவர்கள் முதலில் சாரல் அடங்கட்டும் என்று காத்திருங்கள். மழை கொட்டும்போது விதைத்து இரண்டு தடவை நாற்று அழுகிப் போனது எனக்கு.

மூன்றடிக்கு ஆறடி போதும். மண்ணை நன்றாகக் கொத்தி, மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை கலந்து, சிறுகீரை விதையை அதைப்போல நாலு மடங்கு மணலோடு சேர்த்துத் தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைத்து நெருக்கிக்கொள்ளும். பூவாளியால் தண்ணீர் விடுங்கள். 25 நாளில் பறிக்கலாம். இலையில் ஓட்டை விழுந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளித்தால் சரி. வரப்போரம் ஓரடிக்கு ஒரு கொத்தவரை விதை ஊன்றுங்கள்.

அப்புறம், இந்தக் கீரையும் கொத்தவரையும் இதயத்துக்கும் நல்லது. கீரையில் உள்ள பொட்டாசியம், உப்பால் ஏறும் ரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும். கொத்தவரையின் கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட, அதைப் புதிதாகச் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். காய், பழம் நாளுக்கு 400 கிராமாவது சாப்பிடுங்கள், உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரை மசித்துவிட்டுப் பக்கத்தில் அப்பளமும் ஊறுகாயும் வைத்தால் கணக்கு எங்கே நிற்கும்!

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கீரையின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.