கோடில படம் திக்குதா, சத்தம் வரலையா? கோளாறு எங்கன்னு படிப்படியா கண்டுபிடிக்கலாம் வாங்க

டிவிக்குப் பின்னாடி ஒரு சின்ன கம்ப்யூட்டரை வச்சு அதுல கோடி சாஃப்ட்வேரைப் போட்டு படம் பாக்குறவங்க எல்லாருக்கும் ஒரு நாள் இது வந்தே தீரும். நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்த செட்டப்புல இன்னைக்கு ஒரு புது ஃபைலைப் போட்டா படம் திக்கித் திக்கி ஓடும், இல்லன்னா படம் ஓடும் ஆனா சத்தமே இருக்காது. உடனே நாம செட்டிங்ஸுக்குள்ள போய் கண்ணுல படுறதை எல்லாம் மாத்த ஆரம்பிச்சிடுவோம். நானும் ஆரம்பத்துல அதைத்தான் பண்ணேன். ஒரே ராத்திரில ஏழெட்டு செட்டிங் மாத்தி சத்தத்தை வரவச்சிட்டேன், ஆனா மறுநாள் வேற ஒரு படம் சொதப்புச்சு. எதை மாத்துனதுனால அது சரியாச்சு, எதை மாத்துனதுனால இது கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. அதுல இருந்து ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங்தான் மாத்துறது, மாத்துனதும் அதே படத்தோட அதே இடத்தை திரும்ப ஓட்டிப் பாக்குறது, சரியாகலன்னா பழையபடியே வச்சிட்டு அடுத்ததுக்குப் போறதுன்னு வச்சிருக்கேன். கீழ சொல்ற ஒவ்வொரு படிக்கும் நீங்களும் இதையே பண்ணுங்க, பக்கத்துல ஒரு பேப்பர் வச்சு எழுதிக்கிட்டா இன்னும் நல்லது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கோடி செட்டிங்ஸ் திறந்தா இடது பக்கம் கீழ பேசிக், ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட், எக்ஸ்பர்ட்னு ஒண்ணு இருக்கும், அதை எக்ஸ்பர்ட்டுக்கு மாத்திடுங்க. இல்லன்னா நான் சொல்ற பாதி செட்டிங் உங்க கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணு, நெட்ல தேடும்போது எக்ஸ்பிஎம்சின்னு பேர் போட்ட பழைய குறிப்புகள் நிறைய வரும். அதுவும் இதே சாஃப்ட்வேர்தான், 2014ல தான் கோடின்னு பேர் மாத்துனாங்க, ஆனா அதுக்கப்புறம் மெனு எல்லாம் ரொம்ப மாறிடுச்சு, அதனால பழைய குறிப்பைப் பாத்து அப்படியே பண்ணாதீங்க.

படி 1: கோளாறு ஃபைல்லயா மெஷின்லயா?

சொதப்புற ஃபைலை விட்டுட்டு வேற மூணு ஃபைலை ஓட்டிப் பாருங்க. எல்லாமே சொதப்பினா கோளாறு செட்டிங்லயோ கேபிள்லயோ இருக்கு. ஒண்ணு மட்டும்னா அந்த ஃபைலை விஎல்சின்னு இன்னொரு வீடியோ ப்ளேயர்ல ஓட்டிப் பாருங்க, அங்கயும் அதே இடத்துல கட்டம் கட்டமா உடைஞ்சா ஃபைலே டேமேஜ், மேல படிக்கவே வேணாம், ஃபைலை திரும்ப காப்பி பண்ணுங்க. விஎல்சில நல்லா ஓடுது கோடில மட்டும் ஓடலன்னா அடுத்த படிக்கு வாங்க.

படி 2: படம் ஓடும்போது கீபோர்டுல இங்கிலீஷ் ஓ எழுத்து பட்டனை அமுக்குங்க

இந்த ஒரு பட்டனைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. அமுக்குனதும் ஓடுற படத்து மேலயே சில வரிகள் வரும். வீடியோ டிகோடர்னு ஒரு வரி இருக்கும், அதோட கடைசில எச்டபிள்யூன்னு இருந்தா கிராஃபிக்ஸ் சிப் வீடியோவைப் பிரிச்சுக் குடுக்குதுன்னு அர்த்தம், எஸ்டபிள்யூன்னு இருந்தா அந்த மொத்த பாரத்தையும் ப்ராசசர் தனியா சுமக்குதுன்னு அர்த்தம். படத்தோட அளவு, ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம், ஆடியோ டிகோடர், ப்ராசசர் எவ்வளவு சதவீதம் ஓடுதுங்கறதும் அங்கயே இருக்கும். ஆடியோ டிகோடர் பேருக்கு முன்னாடி பிடின்னு இருந்தா சத்தம் பாஸ்த்ரூல போகுது, அதாவது கோடி அதைத் தொடாம அப்படியே ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை ஓட்டுற ஆம்ப்ளிஃபயர் பெட்டி) அனுப்புது. இந்த வரிகளை எல்லாம் ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, இனிமே சொல்றது எல்லாத்துக்கும் இதுதான் வேணும்.

படி 3: படம் திக்குது, ப்ராசசர் முட்டி நிக்குது

எஸ்டபிள்யூன்னு இருந்து ப்ராசசர் 90, 100 சதவீதம்னு நின்னா காரணம் அதேதான். செட்டிங்ஸ், ப்ளேயர், வீடியோஸ் உள்ள போய் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் (வீடியோ பிரிக்கற வேலையை கிராஃபிக்ஸ் சிப்கிட்ட குடுக்கறது) ஆன்ல இருக்கான்னு பாருங்க, விண்டோஸ்ல அதுக்குப் பேர் டிஎக்ஸ்விஏ2, லினக்ஸ்ல விஏஏபிஐ. ஆன்ல இருந்தும் எஸ்டபிள்யூன்னே வந்தா முதல்ல கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் பண்ணுங்க. அப்பவும் மாறலன்னா உங்க சிப்புக்கு அந்த வகை வீடியோ தெரியலன்னு அர்த்தம். வீடியோவைச் சுருக்கி வைக்கற முறைகள்ல எச்.264 வந்தது 2003ல, அதைப் பிரிக்காத சிப்பைத் தேடித்தான் பிடிக்கணும். பிரச்னை எல்லாம் 2013ல வந்த எச்.265லயும் 2018ல வந்த ஏவி1லயும் தான். 10 பிட் எச்.265 முழுசா ஹார்ட்வேர்ல ஓடணும்னா இன்டெல்ல 7வது தலைமுறையாவது வேணும், ஏவி1க்கு இன்டெல்ல 11வது தலைமுறை, என்விடியாவுல 30 சீரிஸ் வேணும். உங்க சிப் அதுக்கு முந்தினதுன்னா எந்த செட்டிங்கும் உதவாது, அந்தப் படத்தை எச்.264லயோ, இல்ல 4கேக்கு பதிலா 1080லயோ வாங்கிப் பாக்குறதுதான் வழி. இதைச் சொல்றதுக்கு எனக்கும் வருத்தமா தான் இருக்கு, ஆனா ஓடாத சிப்போட ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுறதை விட இது தெரிஞ்சுக்கறது மேல்.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். எச்டபிள்யூன்னு வந்து படம் பச்சையாவோ கருப்பாவோ தெரிஞ்சா ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை ஆஃப் பண்ணி ஒரு தடவை பாருங்க, படம் சரியா வந்தா கோளாறு டிரைவர்ல.

படி 4: ப்ராசசர் சும்மா இருக்கு, ஆனா கேமரா நகரும்போது படம் வெட்டி வெட்டி போகுது

இதுதான் நிறைய பேரைக் குழப்புறது. சினிமா படம் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ப்ளூரே ஃபைல்ல பெரும்பாலும் 23.976. உங்க டிவி 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிச்சு ஓடுது. 24ஐ 60க்குள்ள சமமா பங்கு போட முடியாது, அதனால ஒரு ஃப்ரேம் மூணு தடவை, அடுத்தது ரெண்டு தடவைன்னு மாறி மாறி காட்டும். ஆளுங்க உக்காந்து பேசுற காட்சில இது தெரியாது, கேமரா இடமிருந்து வலமா மெதுவா நகர்ற காட்சில அப்படியே உறுத்தும்.

செட்டிங்ஸ், ப்ளேயர், வீடியோஸ்ல அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்னு இருக்கும், அதை ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்னு வைங்க. இனிமே படம் ஆரம்பிக்கும்போது டிவி அந்தப் படத்தோட வேகத்துக்கு மாறும், நிறுத்துனா பழையபடி வந்துடும். மாறும்போது ஒண்ணு ரெண்டு செகண்ட் திரை கருப்பாகும், பயப்பட வேணாம். அந்த நேரத்துல முதல் வசனம் முழுங்கிடுச்சுன்னா சிஸ்டம், டிஸ்ப்ளே மெனுல ரெஃப்ரெஷ் ரேட் மாறுனதும் எத்தனை செகண்ட் காத்திருக்கணும்னு ஒண்ணு இருக்கு, அதை மூணு செகண்ட் மாதிரி வைங்க. மாறினதுக்கு அப்புறம் டிவி ரிமோட்ல இன்ஃபோ பட்டனை அமுக்கினா பெரும்பாலான டிவில இப்ப எத்தனை ஹெர்ட்ஸ்னு காட்டும். 23.976 படத்துக்கு அது சரியா 24ல நின்னாலும் சுமார் 42 செகண்டுக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவை வரும், நல்லா கவனிச்சா ஒரு சின்ன துள்ளல் மாதிரி தெரியும், அதுக்கு டிஸ்ப்ளேல 23.976 மோட் இருக்கான்னு பாத்து அதையே தேர்ந்தெடுக்கணும்.

பக்கத்துலயே சிங்க் ப்ளேபேக் டு டிஸ்ப்ளேன்னு இன்னொண்ணு இருக்கும். ரிசீவருக்கு பாஸ்த்ரூல சத்தம் அனுப்புறவங்க அதை ஆன் பண்ணாதீங்க, ஆன் பண்ணா பாஸ்த்ரூ வேலை செய்யாது. சத்தம் ஏன் திடீர்னு போச்சுன்னு கேட்ட ரெண்டு மூணு நண்பர்களுக்கு நான் தேடிக் குடுத்த பதில் இதுதான், வீடியோவை சரி பண்ணப்போய் ஆடியோவைக் கெடுத்திருப்பாங்க.

படி 5: கொஞ்ச நேரம் நல்லா ஓடி அப்புறம் நின்னு சுத்துது

ஃபைல் நெட்வொர்க் வழியா வேற இடத்துல இருந்து ஓடுதுன்னா, அதே ஃபைலை கம்ப்யூட்டர் டிஸ்க்லயே காப்பி பண்ணி ஓட்டுங்க. அங்க நல்லா ஓடினா குத்தம் நெட்வொர்க் மேல. 1080 ப்ளூரேல வீடியோ அதிகபட்சம் 40 எம்பிபிஎஸ் (ஒரு செகண்டுக்கு இத்தனை மெகாபிட் டேட்டா), 4கே ப்ளூரேல மொத்தமா 128 வரைக்கும் போகலாம். பழைய 100 எம்பிபிஎஸ் போர்ட் நிஜத்துல 94, 95 தான் தரும், அதனால 4கே ஃபைல்ல சண்டைக் காட்சி வரும்போது மட்டும் நிக்கும். வைஃபைல பாக்குறவங்க முடிஞ்சா கிகாபிட் கேபிள் போடுங்க. முடியலன்னா கோடி 21ல இருந்து செட்டிங்ஸ், சர்வீசஸ் உள்ள கேஷிங்னு தனியா ஒரு பகுதி குடுத்திருக்காங்க, அதுல மெமரி அளவைக் கூட்டிப் பாக்கலாம், சின்ன சின்ன தடங்கலை அது தாங்கும்.

படி 6: சத்தம்

சத்தத்துக்கு செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோ. முதல் வரில ஆடியோ அவுட்புட் டிவைஸ். விண்டோஸ்ல ஒரே ஸ்பீக்கர் டைரக்ட்சவுண்ட்னு ஒரு தடவையும் வாசாபின்னு ஒரு தடவையும் லிஸ்ட்ல வரும், பாஸ்த்ரூ வேணும்னா வாசாபின்னு ஆரம்பிக்கறதைத்தான் எடுக்கணும். டிவி ஆஃப்ல இருக்கும்போது கம்ப்யூட்டரை ஆன் பண்ணா எச்டிஎம்ஐ டிவைஸ் லிஸ்ட்லயே இல்லாம போகலாம், அதனால டிவி, ரிசீவர், கம்ப்யூட்டர்னு இந்த வரிசைல ஆன் பண்ணிப் பாருங்க.

அடுத்தது நம்பர் ஆஃப் சேனல்ஸ். நான் முதல்ல பாக்குற இடமே இதுதான். பின்னணி இசை கேக்குது, கார் சத்தம் கேக்குது, ஆனா ஆளுங்க பேசுறது மட்டும் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குன்னா காரணம் பெரும்பாலும் இங்கதான். 5.1 ஆடியோல (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். உங்ககிட்ட இருக்கறது டிவியோட ரெண்டு ஸ்பீக்கர், ஆனா இங்க 5.1ன்னு வச்சிருந்தா கோடி வசனத்தை இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பிட்டு இருக்கும். ரெண்டு ஸ்பீக்கர்னா 2.0ன்னு வைங்க, கோடியே நடு சேனலை ரெண்டு பக்கமும் கலந்து குடுக்கும். கலந்ததுல மொத்த சத்தமும் கம்மியா இருந்தா மெயின்டெய்ன் ஒரிஜினல் வால்யூம் ஆன் டவுன்மிக்ஸ்னு இருக்கறதை ஆன் பண்ணுங்க.

பாஸ்த்ரூ, ரிசீவரோ சவுண்ட்பாரோ வச்சிருக்கவங்களுக்கு மட்டும். வெறும் டிவி ஸ்பீக்கர்னா அதை ஆஃப்லயே விடுங்க, ஒரு நஷ்டமும் இல்ல. ஆன் பண்ணா கீழ டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டின்னு ஆடியோ வகையை ஒவ்வொண்ணா கேக்கும், உங்க ரிசீவருக்கு எது தெரியுமோ அதை மட்டும் டிக் பண்ணுங்க. பல டிவிகளுக்கு டிடிஎஸ் தெரியாது, தெரியாததை அனுப்பினா சத்தமே வராது, இல்லன்னா இரைச்சல் வரும். டிக்கை எடுத்துட்டா கோடியே பிரிச்சு சாதாரண பிசிஎம்மா, அதாவது சுருக்காத ஆடியோவா அனுப்பும், சத்தம் வந்துடும். சில படத்துல சத்தம் வருது சிலதுல வரலன்னா, வராத படத்துல ஓ பட்டனை அமுக்கி ஆடியோ டிகோடரைப் பாருங்க, எந்த டிக்கை எடுக்கணும்னு அதுவே சொல்லிடும்.

கேபிளும் முக்கியம். ஆப்டிகல் கேபிள்ல பிசிஎம்னா ரெண்டு சேனல்தான் போகும், 5.1 வேணும்னா டால்பி டிஜிட்டல் இல்ல சாதா டிடிஎஸ் தான், ட்ரூஎச்டியும் டிடிஎஸ் எச்டியும் அதுல போகவே போகாது. அதனால ஆப்டிகல்காரங்க சேனலை 2.0ல வச்சு, பாஸ்த்ரூ ஆன் பண்ணி, டால்பி டிஜிட்டல் ட்ரான்ஸ்கோடிங்கையும் (வேற வகை ஆடியோவை டால்பி டிஜிட்டலா மாத்தி அனுப்புறது) ஆன் பண்ணுங்க, அப்ப ஏஏசிங்கற வகை 5.1 ஆடியோ இருக்கற ஃபைல்ல கூட அஞ்சு பக்கமும் சத்தம் வரும். டிவில இருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிள்லயே டிவி சத்தத்தை வெளிய அனுப்புற வசதி) வழியா சவுண்ட்பாருக்குப் போறவங்களுக்கும் ட்ரூஎச்டி வராது, அதுக்கு ரெண்டு பக்கமும் அதோட புது வடிவமான ஈஏஆர்சி இருக்கணும். பாஸ்த்ரூ ஓடும்போது கோடியோட வால்யூம் பட்டன் வேலை செய்யாது, அது கோளாறு இல்ல, ரிசீவர் ரிமோட்டை எடுங்க.

படம் ஆரம்பிக்கும்போதும் நடுவுல நிறுத்தி திரும்ப ஓட விடும்போதும் முதல் ஒரு செகண்ட் சத்தம் காணாம போகுதா? அதே மெனுல கீப் ஆடியோ டிவைஸ் அலைவ்னு இருக்கும், அதை ஆல்வேஸ்னு வைங்க.

படி 7: வாயசைப்பும் சத்தமும் ஒத்துப்போகல

எல்லாப் படத்துலயும் ஒரே அளவுக்கு சத்தம் முன்னாடி வந்தா டிவி படத்தை மெருகேத்துறதுக்கு நேரம் எடுத்துக்குதுன்னு அர்த்தம், டிவில கேம் மோட் போட்டுப் பாருங்க. அப்பவும் மிச்சம் இருந்தா படம் ஓடும்போது ஆடியோ செட்டிங்ஸ்ல ஆடியோ ஆஃப்செட் இருக்கு, சத்தம் முன்னாடி வந்தா டிலேட் பக்கம், பின்னாடி வந்தா அஹெட் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க, ஒரு தட்டுக்கு 0.025 செகண்ட் நகரும். கதவு சாத்துற காட்சி, கை தட்டுற காட்சின்னு ஏதாவது ஒண்ணை வச்சு சரி பாருங்க, பேசுற வாயைப் பாத்து சரி பண்றது கஷ்டம். சரியானதும் எல்லா மீடியாவுக்கும் இதையே வைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைக் குடுங்க. ஆனா ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகுதுன்னா கோளாறு அந்த ஃபைல்ல, ஆஃப்செட்டைத் தொடாதீங்க.

எதுவுமே ஒத்து வரலன்னா

செட்டிங்ஸ், சிஸ்டம், லாகிங்ல டீபக் லாகிங்கை (கோடி உள்ள நடக்கறதை எல்லாம் ஒரு ஃபைல்ல எழுதி வைக்கறது) ஆன் பண்ணி, சொதப்புற படத்தை ஒரு நிமிஷம் ஓட்டி, கோடியை மூடிட்டு லாக் ஃபைலைத் திறங்க. விண்டோஸ்ல அது ஆப்டேட்டா, ரோமிங், கோடி ஃபோல்டர்ல இருக்கும். எரர்னு தேடினா பெரும்பாலும் எந்த இடத்துல தடுக்குதுன்னு தெரிஞ்சிடும், யார்கிட்டயாவது உதவி கேக்கும்போதும் இந்த ஃபைலைக் குடுத்தாதான் அவங்களால சொல்ல முடியும். பாத்து முடிச்சதும் டீபக்கை ஆஃப் பண்ணிடுங்க.

செட்டிங் எல்லாம் குழம்பிப்போய் எது எப்படி இருந்துச்சுன்னே தெரியலன்னா கோடியை மூடிட்டு, யூசர்டேட்டா ஃபோல்டர்ல இருக்கற கியுஐசெட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலோட பேரை மட்டும் மாத்தி வைங்க, அழிக்காதீங்க. திரும்பத் திறந்தா செட்டிங் எல்லாம் புதுசா இருக்கும், உங்க பட லைப்ரரி தனி டேட்டாபேஸ்ல இருக்கறதால அது அப்படியே இருக்கும். அப்புறம் முதல் படில இருந்து, ஒண்ணு ஒண்ணா, பேப்பரோட.