சொத்துக் காப்பீடு: மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள்

கடைக்கோ வீட்டுக்கோ இன்சூரன்ஸ் எடுக்கும்போது, பிரீமியம் குறையட்டும் என்று சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். பல பாலிசிகளில் ‘சராசரி விதி’ உண்டு: மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடு செய்தீர்களோ, இழப்பிலும் அத்தனை பங்குதான் கிடைக்கும். 10 லட்சம் பெறுமானமுள்ள சரக்கை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், தீயில் 2 லட்சத்துக்குச் சேதமானாலும் 1 லட்சம்தான் கைக்கு வரும். மீதிப் பங்குக்கு நீங்களே பொறுப்பு என்பது கணக்கு. இது தெரியாமல் நொந்துபோகிறவர்கள் நிறைய.

பிரீமியம் குறையத்தான் வேண்டுமா? சரி, ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நீங்கள் ஏற்கும் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கையிருப்பு இருந்தால் மட்டும். அதற்காக மதிப்பைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், உண்மையான இழப்புக்கு மேல் தரமாட்டார்கள்.

ஆயுள் காப்பீட்டுக்கும், முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசிகளுக்கும் இந்தச் சராசரி விதி பொருந்தாது.