ஓஆர்எம்: ஒரு புள்ளிக்கு ஒரு குவெரி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு, பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் கணக்கு மென்பொருள் எழுதினேன். லேப்டாப்பில் பத்துச் சிட்டை போட்டுப் பார்த்தபோது பறந்தது. முகூர்த்த நாளில் 400 சிட்டை ஏறியதும் பட்டியல் திறக்கவே மாட்டேன் என்றது. முதலாளி பேசாமல் பழைய நோட்டை எடுத்துவிட்டார்.

கோளாறு ஒரே வரியில்தான். லூப்புக்குள் 'சிட்டை.விவசாயி.பெயர்' என்று எழுதியிருந்தேன். நிரலில் இருக்கும் ஆப்ஜெக்டை டேட்டாபேஸ் டேபிளோடு இணைத்து, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லை நமக்காக எழுதித் தருவது ஓஆர்எம்மின் வேலை. அதனால் அந்தப் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் அது சத்தமில்லாமல் டேட்டாபேஸுக்கு ஓடுகிறது. சிட்டைகளுக்கு 1 குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி; விவசாயிகளுக்கு 400, ஆக 401. இதைத்தான் 'என் பிளஸ் ஒன்' என்பார்கள். கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்க, பையனை ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாக விரட்டுகிற கதை.

ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் போட்டால், இரண்டு டேபிளையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் வழியாக ஒரே குவெரியில் முடியும். ஒரு சிட்டைக்குள் மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்று பல வரிகள் இருந்தால் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்; அதற்கு இன்னொரு குவெரி, அவ்வளவுதான். ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்னேட்டில் இதற்கு ஜாயின் ஃபெட்ச். இதற்குப் பயந்து எல்லா உறவையும் எப்போதும் ஈகர், அதாவது கேட்காமலே சேர்த்து எடுத்துவருவது, என்று வைத்துவிடாதீர்கள். ஒரு பெயர் கேட்டால் பாதி டேட்டாபேஸ் வந்து நிற்கும்.

அடுத்தது, ஆள் கண்ணுக்கே தெரியாத தவறு. இரண்டு கணக்கர்கள் ஒரே விவசாயியின் பாக்கியை எடுத்து, ஆளுக்கொரு தொகை கூட்டி சேவ் செய்தால், பின்னால் சேவ் செய்தவர் கணக்குதான் நிற்கும். போன் நம்பரைத் திருத்தினால்கூட ஜாங்கோவின் சேவ் அந்த வரியின் எல்லா ஃபீல்டையும் திரும்ப எழுதும். பழைய பாக்கியும் கூடவே போய் உட்காரும். கூட்டலை, ஜாங்கோவின் எஃப் எக்ஸ்பிரஷன் வழியாக டேட்டாபேஸிடமே விடுங்கள். மற்றதற்கு, எந்த ஃபீல்டை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லும் அப்டேட் ஃபீல்ட்ஸ் கொடுங்கள்.

அப்புறம், சிட்டை வரியில் விலையை எழுதாமல் 'பூ.விலை' என்று போய் எடுப்பது. மல்லி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நேற்றைய சிட்டை இன்றைய விலையில் அச்சானால் விவசாயி சும்மா விடுவாரா? விற்ற விலை அந்த வரியிலேயே இருக்கட்டும், பைசா பிசகாத டெசிமலாக; தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வேண்டாம். விவசாயியை அழித்தால் சிட்டையும் சேர்ந்து போகும் கேஸ்கேடும் வேண்டாம், சிட்டை இருக்கும்வரை அழிக்க விடாத ப்ரொடெக்ட் போதும்.

இப்போது அந்தப் பட்டியலுக்கு குவெரிகளை எண்ணிப் பார்க்கும் அசர்ட் நம்குவெரீஸ் டெஸ்ட் ஒன்று வைத்திருக்கிறேன். 400 சிட்டை ஏற்றுகிறது, குவெரி 2 தவிர வேறு எண்ணிக்கை வந்தால் டெஸ்ட் தோற்று சிவப்பு.