டிஜே ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா? எடுக்கும் தேதியைக் கேட்டு வாங்குங்கள்

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது தரும் டிஸ்சார்ஜ் தாளைப் பிரித்து, டிஜே ஸ்டென்ட் (DJ stent) என்று எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். சிறுநீர் வரும் வழியில் தற்காலிகமாகச் செருகி, பிறகு எடுத்துவிட வேண்டிய குழாய் அது. இருந்தால், வலப்பக்கமா இடப்பக்கமா, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். போனில் அலாரம் போட்டுவிட்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

கல், வீக்கம், கட்டி என்று ஏதோ ஒன்று சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை அடைத்தால், சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். அந்த வழியைத் திறந்து வைக்கச் செருகுவதுதான் ஸ்டென்ட். சுமார் 2 மி.மீ. தடிமனில், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 22 முதல் 28 செ.மீ. நீளத்தில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். நழுவாமல் இருக்க இரண்டு நுனியும் சுருண்டிருக்கும், ஒன்று சிறுநீரகத்தில், மற்றொன்று சிறுநீர்ப்பையில். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போல இதுவும் அப்படியே இருந்துவிடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், போகும்போது எரியும், நிறைய நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும். சிறுநீர் கழிக்கும்போது விலாப்புறம் சுருக்கென்று வலிப்பது, அழுத்தத்தில் கொஞ்சம் சிறுநீர் ஸ்டென்ட் வழியாக மேலே ஏறுவதால். பயப்பட வேண்டாம். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், தொந்தரவு அதிகமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், டாம்சுலோசின் போன்ற மாத்திரை தருவார். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீரே வராமல் போவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எடுப்பது எளிது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஜெல் தடவி, சிறுநீர்த் துவாரம் வழியாகச் சின்ன கேமராக் குழாயை விட்டு இழுத்துவிடுவார்கள், சில நிமிட வேலைதான். அப்புறம் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். கல்லுக்கு வைத்ததைச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ எடுத்துவிடுவார்கள். நீண்ட நாள் தேவைப்படுகிறவர்களுக்கும் சாதாரண ஸ்டென்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல மாற்றியாக வேண்டும், கர்ப்பிணிகளுக்கு உப்பு சீக்கிரம் படியும் என்பதால் இன்னும் முன்பே.

வலியில்லையே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், குழாய் மேலேயே உப்பு படிந்து கல்லாகும், இழுத்தால் வராது, இற்றுப்போய் உள்ளேயே உடையவும் செய்யும். பிறகு லேசர், முதுகில் துளை போட்டு ஆபரேஷன் என்று போகும், சிலருக்குச் சிறுநீரகமே போய்விடும். செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், யூராலஜி (சிறுநீர்ப் பாதை சிகிச்சை) பிரிவு இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போதோ கல்லுக்கு ஆபரேஷன் ஆன அப்பாவுக்கோ அத்தைக்கோ ஸ்டென்ட் எடுத்தார்களா என்று யாருக்கும் நினைவில்லையா? வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதிலேயே வெள்ளைக் கோடாகத் தெரிந்துவிடும்.